மெட்டாலிகா விலைபோனதா? பெங்களூரில் ஓயாத ஒரு வாக்குவாதம்

பெங்களூரில் ராக் கேட்கிறவர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடும்: அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிகா 1991-ல் பணத்துக்காக விலைபோய்விட்டதா, இல்லையா? அல்சூர், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன், விவேக் நகர் என்று கண்டோன்மென்ட் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் இது இன்னும் சூடாக இருக்கும். வீட்டில் இளையராஜா, சர்ச்சில் கிடார், கல்லூரியில் அயர்ன் மெய்டன் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்த கூட்டம் இது. "பிளாக் ஆல்பத்தோட அவங்க கதை முடிஞ்சுபோச்சு மச்சி" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவருக்கு அந்த ஆல்பம்தான் மெட்டல் உலகத்தின் வாசல், அவரால் தாங்க முடியாது. அப்புறம் சண்டைதான்.

இந்தக் குற்றச்சாட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒரு பேண்டின் சத்தம் மாறுவது ஒன்று. அந்த பேண்ட் விலைபோவது வேறொன்று. சில சமயம் இரண்டும் சேர்ந்து நடக்கும். பல சமயம் ஒன்று மட்டும்தான் நடக்கும். நாமோ காதில் விழுகிற மாற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

முதலில் அந்த ஆல்பத்தில் என்ன மாறியது என்று பார்க்கலாம். மெட்டாலிகா 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய குழு. 1983-லிருந்து 1988-க்குள் நாலு ஆல்பம். வேகம், சிக்கலான அமைப்பு, நீளம், இதுதான் அவர்கள் அடையாளம். நாலாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஓடும். அதில் பேஸ் கிடார் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு அடக்கி மிக்ஸ் செய்திருந்தார்கள். அடுத்து வந்தது 1991 ஆகஸ்டில் வெளியான கறுப்பு அட்டை ஆல்பம், எல்லோரும் பிளாக் ஆல்பம் என்று சொல்வது. தயாரிப்பாளர் பாப் ராக். மோட்லி க்ரூவுக்கு 1989-ல் அவர் செய்து கொடுத்த ஆல்பத்தின் கனமான ஒலியைக் கேட்டுவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். பாட்டுகள் சுருங்கின, வேகம் குறைந்தது, பேஸ் முன்னுக்கு வந்தது. ஒரு பாட்டில் ஆர்கெஸ்ட்ராவே வந்தது.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு, 'என்டர் சாண்ட்மேன்'. அதன் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, கிடாரிஸ்ட் கிர்க் ஹாமெட் கொண்டுவந்தபோது அது இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) நீளம். முதல் பாரில் மேலே ஏறி நிற்கிற ஒரு கேள்வி, இரண்டாவது பாரில் கனமாக இறங்குகிற ஒரு பதில். டிரம்மர் லார்ஸ் உல்ரிச் அதைக் கேட்டுவிட்டு, முதல் பாரை மூன்று முறை வாசி, அப்புறம் அந்தப் பதிலை ஒரே ஒரு முறை வாசி என்றார். அவ்வளவுதான் மாற்றம். அல்சூரில் எனக்குத் தெரிந்த கிடாரிஸ்ட் அண்ணன் ஒருவர் இதை இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டுவார். முதல் விதத்தில் கேட்டால் நல்ல ரிஃப், அவ்வளவுதான். இரண்டாவது விதத்தில் அந்தப் பதிலுக்காக நம் கழுத்து காத்திருக்கிறது. "எளிமையாக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே தம்பி, இதை யோசிச்சுக் கண்டுபிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு வாசிக்கிறவனைக் கேளு" என்பார். அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. எதை எடுத்துவிடுவது என்ற முடிவும் இசையறிவுதான்.

சரி, ஏன் எளிமைக்குப் போனார்கள்? நாலாவது ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியபோது, அந்த நீளப் பாட்டுகள் மேடையில் தங்களையும் கூட்டத்தையும் சலிக்க வைத்ததை அவர்களே பிற்பாடு பேட்டிகளில் சொன்னார்கள். அதனால் கூட்டத்தின் உடம்பில் இறங்குகிற பாட்டு வேண்டும் என்று தேடினார்கள். பாப் ராக்கோடு அவர்களுக்கு ஸ்டுடியோவில் ஓயாத சண்டை. தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டுகிற வழக்கத்தை விட்டு, எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றார் அவர். வரிகளை மாற்றி எழுதச் சொன்னார். 1990 அக்டோபரில் தொடங்கிய பதிவு 1991 ஜூன் வரை இழுத்தது. கடைசியில் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் சந்தேகம் உறுதியானது. எளிமை, கூடவே பணம், ஆகவே துரோகம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் பணம் பாட்டுக்குப் பின்னால் வந்ததா, முன்னால் வந்ததா என்பதைத்தானே பார்க்க வேண்டும்? அந்த ஆல்பத்தில் முடிவெடுத்தது பேண்ட்தான். தயாரிப்பாளரையும் அவர்களேதான் தேடிப் பிடித்தார்கள்.

சத்தமும் விற்பனையும் வேறு வேறு என்பதற்கு இரண்டு பேண்டுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் போதும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் ஸ்ட்ரீட் என்று ஒரு பங்க் அரங்கம் உண்டு. லேபிள் என்று சொல்கிற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பேண்டுக்கு அங்கே மேடை கிடையாது என்பது அங்கே விதி. அந்த மேடையில் வளர்ந்த கிரீன் டே, 1994-ல் ஒரு பெரிய லேபிளுக்காக ஆல்பம் போட்டது. பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பதிவின் தரம் கூடியிருக்கும், மற்றபடி கிடாரில் அதே மூன்று கார்டு, அதே வேகம், அதே குறும்பு. இருந்தாலும் கதவு சாத்தப்பட்டது. 2015-ல்தான் ஒரு உதவி நிகழ்ச்சிக்காக அங்கே திரும்ப வாசித்தார்கள். ரேடியோஹெட் இதற்கு நேர் எதிர். 1997-ல் கிடாரை வைத்து உலகப் புகழ் பெற்றவர்கள், 2000-ல் வந்த 'கிட் ஏ' ஆல்பத்தில் கிடாரையே ஓரம் கட்டிவிட்டு எலக்ட்ரானிக் ஒலிகளுக்குப் போனார்கள். அதே பெரிய கம்பெனிதான். தனியாக ஒரு சிங்கிள்கூட வெளியிடவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் வந்தது. அவர்களை யாரும் துரோகி என்று திட்டவில்லை. ஆக கிரீன் டேவுக்குச் சத்தம் மாறாமலேயே பழி வந்தது, ரேடியோஹெட்டுக்குச் சத்தம் தலைகீழாக மாறியும் வரவில்லை.

இன்னும் ஆழமாகப் போனால் ஒன்று புரியும். விற்கிறவனுக்கு மாற்றம் பிடிக்காது. போன வருடம் விற்ற சரக்கு இந்த வருடமும் அதே மாதிரி வேண்டும் என்றுதான் கம்பெனி கேட்கும். 1983-ல் பாடகர் நீல் யங் மீது அவருடைய லேபிளான கெஃபன் வழக்குப் போட்டது, 33 லட்சம் டாலர் கேட்டு. குற்றம் என்ன? அவர் நீல் யங் மாதிரி பாடவில்லையாம். ஒரு ஆல்பத்தில் குரலை இயந்திரத்தில் விட்டு எலக்ட்ரானிக் பாட்டு போட்டார். அடுத்ததில் ஐம்பதுகளின் ராக்கபில்லி, அதாவது பழைய ராக் அண்ட் ரோல் பாணி. இரண்டும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. அதே எண்பதுகளில் பாடகர் ஜான் ஃபோகர்ட்டிக்கு நேர் எதிர்ச் சிக்கல். 1985-ல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டு, 1970-ல் கிரீடன்ஸ் குழுவுக்காக அவரே எழுதிய பாட்டைப் போல இருக்கிறது என்று, பழைய பாட்டின் உரிமையை வைத்திருந்த ஃபேன்டஸி நிறுவனம் வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் கிடாரோடு உட்கார்ந்து, என் கை இப்படித்தான் போகும் என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவு பற்றிய சண்டை 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் தன்னைப் போல இல்லாததற்காகவும், இன்னொருவர் தன்னைப் போலவே இருந்ததற்காகவும் கோர்ட் படியேறினார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சத்தம் மாறினாலே விலைபோனது என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெரிய லேபிளோடு ஒப்பந்தம் போட்டால் பணம் கொட்டும் என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி 1993-ல் ஒரு கற்பனைக் கணக்கை எழுதிக் காட்டினார். இரண்டரை லட்சம் டாலர் அட்வான்ஸ் வாங்கிய ஒரு பேண்ட், இரண்டரை லட்சம் பிரதி விற்ற பிறகு, கம்பெனிக்கு 7,10,000 டாலர், குழுவில் ஆளுக்கு 4,031 டாலர். ஸ்டுடியோ வாடகை, மேனேஜர், வக்கீல், வீடியோ எல்லாம் பேண்டின் கணக்கிலேயே கழியும். அதே வருடம் நிர்வாணாவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தைப் பதிவு செய்த ஆல்பினி, விற்பனையில் பங்கான ராயல்டியே வேண்டாம், வேலைக்குக் கூலி போதும் என்று சொன்னவர். அந்த ஆல்பத்தை வேண்டுமென்றே கரடுமுரடாக வைத்திருந்தது பேண்ட். கம்பெனிக்கு அது உறுத்தியது. இரண்டு பாட்டுகளை வேறொருவரை வைத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். காதுக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் யார் கை எங்கே வரை நீண்டது என்பதற்கு அது நல்ல சாட்சி.

அப்படியானால் விலைபோவது என்று ஒன்று கிடையவே கிடையாதா? இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் ஏரோஸ்மித் விழுந்துகிடந்தபோது, கம்பெனி ஆள் ஜான் கலோட்னர் வெளியிலிருந்து ஹிட் எழுதுகிறவர்களைக் கொண்டுவந்தார். 1987 ஆல்பத்தில் டெஸ்மண்ட் சைல்டோடு சேர்ந்து எழுதிய பாட்டுகள்தான் அவர்களைத் திரும்ப உச்சத்தில் ஏற்றின. 2007 ஜூனில் அவர்கள் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு வந்தபோது பிந்தைய ஹிட்டுகளுக்குத்தான் பாதிக் கூட்டம் காத்திருந்தது. எனக்கு அவற்றில் சில பிடிக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எந்தப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு அங்கே குழுவை விட்டு நகர்ந்தது. விலைபோவது என்றால் எனக்கு அதுதான். மாற்றம் இனிப்பாக இருந்ததா, கசப்பாக இருந்ததா என்பதெல்லாம் அப்புறம். யார் காதுக்காக, யார் சொல்லி மாறியது, அதைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் நிலைமை வேறு. ஆங்கில ராக் பாடும் இந்திய பேண்டுக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போடுகிற கம்பெனி இங்கே பெரிதாக இருந்ததே இல்லை. நம் கம்பெனிகளுக்குச் சினிமாப் பாட்டு போதும். பிறகு பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மதுபான கம்பெனிகளிடமிருந்து. 2000-ல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தி மது விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் தடுத்த பிறகு, பிராண்ட் பெயரைப் பார்வையில் வைத்திருக்க அவர்களுக்கு சோடா, இசைத்தட்டு, இசை விழா எல்லாம் தேவைப்பட்டன. 2010-ல் புனேவில் தொடங்கிய என்எச்7 வீக்கெண்டர் விழாவின் பெயரின் முன்னாலேயே பக்கார்டி ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஸ்பான்சருக்கு வேண்டியது நிறைந்த கூட்டம். கிடாரின் டிஸ்டார்ஷன், அந்தக் கரகரப்பு, எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை.

சத்தத்தைக் கட்டிப்போட்டது நாம்தான், கேட்கிற கூட்டம். தொண்ணூறுகளில் கல்லூரிப் போட்டிகளில் மேடையேறிய பேண்டுகளிடம் கூட்டம் கேட்டது டீப் பர்ப்பிள், அயர்ன் மெய்டன், மெட்டாலிகா. சோலோவில் ஒரு நோட் பிசகினால் கூச்சல். சொந்தப் பாட்டு என்றதும் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தான் பிற்பாடு, ஏதாவது ஒரு பேண்ட் வீணையோ நாட்டுப்புற மெட்டோ சேர்த்தவுடன், இது ராக் இல்லை, விற்றுவிட்டார்கள் என்றார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கூட்டம் கேட்டதை அச்சு அசலாக வாசித்தவன் நேர்மையானவன், தன் வீட்டில் கேட்ட ராகத்தைப் பாட்டில் கொண்டுவந்தவன் விலைபோனவனா?

அச்சு அசலாக வாசிப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த கிடாரிஸ்ட் அண்ணன் சனிக்கிழமை பப்பில் ராக் வாசிப்பார், ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரத்துக் கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் குழுவில் இருப்பார். ஆர்கெஸ்ட்ராவில் ராஜா பாட்டின் இரண்டாவது இன்டர்லூடில் ஒரு சின்ன இசைத்துணுக்கு மாறினாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குத் தெரிந்துவிடும். அங்கே அப்படியே வாசிப்பதுதான் மரியாதை. அது அந்த மேடையின் ஒப்பந்தம், எல்லோருக்கும் தெரிந்தது. ராக் மேடையின் ஒப்பந்தம் வேறு. நீ யார் என்று காட்டு என்பது அது. முதலாவதின் அளவுகோலை எடுத்து இரண்டாவதை அளந்ததுதான் பெங்களூரில் பல பேண்டுகளைக் காயப்படுத்தியது.

அதையும் மீறி மாறியவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் 1984-ல் தொடங்கிய ராக் மெஷின், 1993-ல் பெயரையே இண்டஸ் க்ரீட் என்று மாற்றிக்கொண்டு இந்திய ஒலிகளைப் பாட்டுக்குள் கொண்டுவந்தது. பெங்களூரில் அகம் இன்னும் சுவாரசியமான கதை. ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த சன் டிவியின் ஊ லலலா போட்டியில் வென்று தமிழ் வீடுகளுக்குள் வந்த குழு. தியாகராஜரின் 'பண்டுரீதி கோலு' கீர்த்தனையை ஹம்சநாதத்தில் பாடகர் எடுக்கும்போது, பின்னால் கனமான கிடாரும், ப்ரோக் ராக் பாணியில் சிக்கலான தாளம் போடும் டிரம்ஸும் ஓடும். கீர்த்தனையைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம் புலம்பல், மெட்டலை நீர்த்துப்போக வைக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம். குழுவில் பலர் பகலில் ஐடி, டிசைன் வேலை பார்த்தவர்கள். மாதச் சம்பளம் வேறிடத்திலிருந்து வரும்போது, இந்த மாற்றத்தை யாருக்கு விற்க வேண்டும்? அந்தச் சம்பளம்தான் அவர்களுக்கு யாருக்கும் பணியாத சுதந்திரத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். பெங்களூர் ராக்கின் வரலாற்றை யாராவது எழுதினால், இந்த நகரத்தின் ஐடி சம்பளத்துக்கு அதில் ஒரு அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இந்த வழக்கு புதிதும் இல்லை. குன்னக்குடி வைத்தியநாதன் வயலினில் சினிமாப் பாட்டு வாசித்தபோது, வலையப்பட்டியின் தவிலோடு சேர்ந்து சபையைக் கலகலப்பாக்கியபோது, மரபுக்காரர்கள் கைதட்டலுக்காக வாசிக்கிறார் என்றார்கள். கைதட்டல் வாங்கினார்தான். ஆனால் அந்த வயலின் வில்லை அவரைத் தவிர யாரும் பிடிக்கவில்லை.

மெட்டாலிகாவுக்குத் திரும்ப வருகிறேன். அவர்கள் மீது எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு, அது 1991-ஐப் பற்றியது இல்லை. 2000-ல், இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டு, தங்கள் பாட்டைப் பகிர்ந்ததாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களின் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் 1982-ல் இந்தக் குழுவை முதலில் ஊர் ஊராகக் கொண்டுபோனதே கைக்குக் கை நகலெடுத்த டெமோ கேசட்தான். பெங்களூரிலும் அதேதான். ஒரிஜினல் சிடி வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் காந்தி நகர் நேஷனல் மார்க்கெட்டின் எம்பி3 தட்டுகளிலும், நண்பனின் நண்பனிடமிருந்து நகலெடுத்த கேசட்டிலும்தான் இவர்களைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். 2011 அக்டோபர் 30-ம் தேதி மெட்டாலிகா இந்தியாவில் முதல் முறையாக வாசித்தபோது பேலஸ் கிரவுண்ட்ஸ் முழுக்க வரி விடாமல் சேர்ந்து பாடியது அந்தக் கூட்டம். இரண்டு நாள் முன்பு டெல்லிக்குப் பக்கத்தில் நடக்க இருந்தது ரத்தாகி, அங்கிருந்தும் ஆட்கள் இங்கே வந்திருந்தார்கள். பழைய பாட்டுக்கு ஒரு கூட்டம், 1991 பாட்டுக்கு ஒரு கூட்டம் என்று அங்கே பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. சத்தத்தை மாற்றியது கேட்கிறவர்களுக்குச் செய்த துரோகம் இல்லை. அந்தப் பட்டியல் துரோகத்துக்குக் கிட்டே போனது.

இன்று நம் ஊரில் சத்தத்தை மாற்றுகிற சக்தி வேறொன்று. பப்பில் நேரடி இசை நடத்தத் தனி உரிமம் வேண்டும் என்ற 2005-ம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்தது. அதற்குப் பிறகு போலீஸ் கெடுபிடி கூடியது. இந்திரா நகர் பக்கத்தில் பல இடங்கள் மேடையை மூடின. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது தேசிய விதி, இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒரு டிரம் செட் முழு வீச்சில் அடித்தால் 100 டெசிபலைத் தொடும். தூக்கம் கெட்டவர்களின் புகாரிலும் நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. விளைவு என்னவென்றால், நாலு பேர் பேண்ட் இரண்டு பேராகச் சுருங்கியது. டிரம்ஸுக்குப் பதில் மேலே உட்கார்ந்து தட்டுகிற கஹோன் என்ற மரப்பெட்டி, மின்கிடாருக்குப் பதில் அக்கூஸ்டிக். கேட்கிறவர்கள் இதற்கும் பழைய பட்டத்தையே கொடுக்கிறார்கள்: காபிக் கடைப் பாட்டு பாடப் போய்விட்டார்கள், அவ்வளவுதான் இவர்கள் என்று. அந்தப் பிள்ளைகளில் சிலரோடு பேசிப் பார்த்தால் கதை வேறு. முழு டிரம்ஸோடு வாசிக்க ஆசைப்பட்டு, கைக்காசு போட்டு அரங்கம் வாடகைக்கு எடுத்து, டிக்கெட்டை நண்பர்களிடம் ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருப்பவர்களும் அவர்களேதான்.